எங்கள் இருவரின் உடம்பு

என் தங்கையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை. அம்மையார்குப்பத்தில் அவள் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே நின்று கை கழுவிக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரம், கரண்ட் போயிருந்தது. தெரு முழுக்கப் பவர்லூம்கள் ஓடுகிற ஊர் அது. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க வந்தாள். என் பக்கம் பார்த்து, "எப்ப கரண்ட் வருமாம், கேட்டியா?" என்றாள்.

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினேன். இன்னும் இரண்டு துணிகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் கை நின்றது. துணி துவைக்கிற கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க அவ அக்கா இல்ல?"

"ஆங்," என்றேன்.

"நிக்கறது அப்படியே கீது," என்றாள். பிறகு துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வெளிச்சத்தில் எங்களை யாரும் குழப்பிக்கொண்டு பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் கன்னம் ஒட்டியிருந்தது, தலை முன்பக்கம் நரைத்திருந்தது, கழுத்து நரம்புகள் வெளியே தெரிந்தன. எனக்கு முகம் நிறைந்திருந்தது, மூக்கில் கண்ணாடி இருந்தது. இருட்டில் மட்டும் அந்த வித்தியாசம் மறைந்துபோயிருக்கிறது. அந்தப் பெண் கேட்ட கேள்வியில் பயம் எதுவும் இல்லை. தினமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. அதனால்தானோ என்னவோ, அன்று அழுத அழுகையெல்லாம் மறந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

நாங்கள் பிறந்தது திருத்தணியில். எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளாக இருந்தார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் அம்மையார்குப்பம். நான் முதலில் வந்தேன், அவள் சற்று நேரம் கழித்து வந்தாள். அடையாளத்துக்காக அவள் காலில் அம்மா ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தாளாம். மலைமேல் எங்கள் இருவருக்கும் மொட்டையடித்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசிப் பார்த்தால் காலில் கயிற்றைக் காணோம். கூட்டத்தில் இரண்டு மொட்டைத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் அம்மாவே ஒரு முடிவுக்கு வந்து ஒருத்தி காலில் புதுக் கயிறு கட்டியிருக்கிறாள்.

"அன்னைக்கு மாத்திப் புடிச்சிருந்தா நீதான் சின்னவ," என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். இப்போது அந்தப் பேச்சை யாரிடமும் சொல்வதில்லை.

பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் கெட்டிக்காரி, எனக்குத் தமிழ் வரும். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோற்று வாசனை பட்டாலே குமட்டி, கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துக்கொண்டு பாயில் கிடந்தாள். நான் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்து, கணக்குகளைப் படுத்தபடியே வாயால் போட்டுச் சொல்வாள். எல்லாம் சரியாக இருக்கும்.

அடுத்த தடவை எழுதலாம் என்று நைனா சொன்னார். அம்மாவுக்கும் அந்த எண்ணம்தான். ஆனால் அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய நேரத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. சமையலுக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் பதினொன்றாவது சேர்ந்திருந்தேன், அவள் வீட்டில் இருந்தாள். பிறகு தாய்மாமன் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். எங்களில் யார் என்று அவர் கேட்கவே இல்லை. வீட்டில் இருந்தவளைத்தான் கேட்டார். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பாவா என்று நாங்கள் கூப்பிடுகிற அந்த மாமன் மகன் நல்லவர், அதிர்ந்து பேசாதவர். கல்யாணத்தன்று மணமேடையில் அவள் சிரித்த சிரிப்பு பொய்யில்லை. யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இதைச் சொல்லாவிட்டால் பிற்பாடு நடந்ததற்கு நான் ஆள் தேடுவது போல் ஆகிவிடும்.

நான் காலேஜ் முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, அரசுத் தேர்வு எழுதி, ஊரிலேயே தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. என் அலுவலகத்தில் மேசை, நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, கேட்டால் கிடைக்கிற லீவு. எனக்கு வேலையில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தி நாட்களில் தலை நிமிர முடியாது, மேலதிகாரி எரிந்து விழுவார். ஆனால் கழுத்து வலித்தால் எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம். தலைவலித்தால் டாக்டரைப் பார்க்கலாம். நான் பார்த்தேன். முதுகு, கண், தைராய்டு, ஒற்றைத் தலைவலி என்று எதையாவது சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். வீட்டில் பிரஷர் பார்க்கிற மெஷின் இருந்தது. யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், "என்னவோ இருக்கேன்," என்பேன். நான் நோஞ்சான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அவளோ தன்னைக் கல்மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்தில் இரண்டு தறிகளுக்கு நடுவில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். இந்தப் பக்கம் இழை அறுந்தால் முடிச்சு, திரும்பினால் அந்தப் பக்கம் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்திருக்கும். தலையில் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். நடுநடுவே உலை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். காய்ச்சல் வந்தாலும் தறிமுன்னால்தான். படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் அவளுக்குக் காய்ச்சல் அதிகமாகிவிடுமாம். சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"உனக்கு எப்பப் பாத்தாலும் ஒடம்பு சரியில்ல. எனக்கின்னா, நான் நல்லாத்தான் கீறேன். ஒரே வயித்துலதான் கெடந்தோம், எல்லாச் சீக்கையும் நீயே எடுத்துக்கினியா?"

தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அவளுக்குக் குரல் பெரிதாகிவிட்டது. என் வீட்டுக்கு வந்து ஹாலில் சாதாரணமாகப் பேசினாலே மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். காதும் கொஞ்சம் மந்தம். பேரைச் சொல்லித் தன் மகளைக் கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் போகும்.

ஓர் ஆடிக் கிருத்திகைக்கு வேண்டுதல் என்று காவடி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ரோடு வழியாக வண்டியில் மேலே போகலாம் என்றேன். வேண்டுதல் படியேறித்தான் என்றாள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம், சட்டென்று படி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். காவடியைப் பக்கத்தில் வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். அவள் முகத்தில் வேர்வை ஊற்றியது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. கையைத் தாடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு வலியா?"

"இல்ல. தாடை, முதுகு, எல்லாம் ஒரு மாதிரி புடிச்சுக்கினு கீது. வாய்வு. காலைல வெறும் வயிறு."

"முன்ன வந்திருக்கா?"

"தறிகிட்ட நிக்கும்போது வரும், போவும். இதப் போயி..."

அன்று அவளை ஊருக்கு விடவில்லை. மறுநாள் காலை ஊரிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சிறுத்துவிட்டாள். உள்ளே எல்லோரும் செருப்போடுதான் இருந்தார்கள். டாக்டர் எதிரில் இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுத் தான் பின்னால் நின்றாள்.

"யாருக்கு?" என்றார் டாக்டர். இளைஞர், தன்மையாகத்தான் பேசினார்.

"இவளுக்கு," என்று எழுந்து அவளை உட்கார வைத்தேன்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

அவள் என்னைப் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் போகிற குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லிங்க சார். நல்லாத்தான் கீறேன்," என்றாள். டாக்டர் முன்னால் குனிந்து, "என்னது?" என்று கேட்க வேண்டியிருந்தது.

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வேர்வை, தாடை, முதுகு. சொல்லும்போதே அவள் என் புடவையைப் பின்னால் பிடித்து இழுத்தாள், போதும் என்று. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு வருகிற வரையில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"வயசு என்ன இருக்கும் உங்கம்மாவுக்கு?"

"அம்மா இல்ல சார். என் தங்கச்சி. நாங்க ட்வின்ஸ்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக அவள் அப்போது அங்கே இல்லை.

ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இதை இப்படியே விடக்கூடாது, சென்னையில் இதயத்துக்கான டாக்டரிடம் காட்டி முழுதாகச் சோதித்துவிடுங்கள் என்றார். சில மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பாத்தியா, ஒண்ணுமில்லன்னுட்டாரு," என்றாள் தெருவே கேட்க.

"அப்படிச் சொல்லலடி. சென்னைக்குப் போகணும்னாரு."

"பண்டிகை வேலை தலைக்கு மேல கீது. தீவாளி போவட்டும்."

நான் விடவில்லை. சென்னையில் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். பாவாவிடம் போனில் பேசினேன், அவரும் கட்டாயம் அனுப்புகிறேன் என்றார். குறித்த நாளில் லீவு போட்டுவிட்டு, காலையில் திருத்தணி ஸ்டேஷனில் காத்திருந்தேன். அவள் முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் போக வேண்டிய மின்சார ரயில் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. போன் செய்தேன். எடுத்தாள். தறிச் சத்தம்தான் முதலில் வந்தது.

"எங்க இருக்க?"

"மாமியாருக்கு ராத்திரிலேந்து வயித்தால போவுது. அவர் பாவு நூல் எடுக்க ஆர்.கே. பேட்டை போயிட்டாரு. ரெண்டு தறியும் ஓடிக்கினு கீது, யார் பாப்பாங்க?"

"நிறுத்திட்டு வா."

"கேக்கல."

"நிறுத்திட்டு வான்னேன்."

"அடுத்த வாரம் போலாம் அக்கா. எனக்கு இன்னா இப்ப, நின்னுக்கினுதான கீறேன்."

பிளாட்பாரத்தில் நின்று நானும் கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. இரண்டாவது தடவையும் நேரம் வாங்கினேன், தீபாவளிக்கு அடுத்த வாரத்துக்கு.

தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே அவள் போய்விட்டாள். காலை நேரம். பாவா வாசலில் நூல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே ஒரு தறி நின்றது. இழை அறுந்தால் அது தானாக நின்றுவிடும், தினமும் எத்தனையோ தடவை நடக்கிறது. "தறி நிக்குது பாரு," என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்திருக்கிறார். இன்னொரு தறி ஓடிக்கொண்டே இருந்ததால் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். அவள் மகள் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். சமைத்து வைப்பேன், துணி அலசிப் போடுவேன். பாவா நான் போகும் நேரத்தில் தறிக்கூடத்தைவிட்டு வெளியே வரமாட்டார். சாப்பாட்டை மகள் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாள் நான் பஸ் ஏறக் கிளம்பியபோது அவரே தெருமுனை வரைக்கும் பின்னால் வந்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதம்மா," என்றார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"சொல்லுங்க பாவா."

"கொஞ்ச நாளைக்கு வராத இரேன்."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அடுப்படில நீ திரும்பி நின்னா அவதான். மொகத்தப் பாத்தா இல்ல. திரும்பி நின்னா அவ. நான் வாராவாரம் ஒரு தடவ அவள பொதைச்சுட்டு வர மாதிரி கீது."

சரி என்றேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலை மூடியபோது கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். திருத்தணி வரும் வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சென்னை டாக்டரிடம் அவளுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டாவது தேதி அப்படியே இருந்தது. முதலில் ரத்து செய்ய மனம் வரவில்லை, பிறகு மறந்தும் போயிருந்தது. நேரத்தை நினைவூட்டி அங்கிருந்து போன் வந்தபோது ஏதோ ஒரு வேகத்தில் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நெஞ்சில் எந்த வலியும் இல்லை. உடம்பில் எல்லா இடத்தையும் பற்றிக் குறை சொல்லியிருக்கிறேன், நெஞ்சைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. டாக்டர் ஐம்பதைக் கடந்த அம்மாள். நைனா கடையிலேயே சாய்ந்து இறந்ததையும், தங்கை இப்போது போனதையும், நாங்கள் இரட்டையர் என்பதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அச்சு அசலா ஒரே மாதிரி இருப்பீங்களா?"

"சின்ன வயசுல."

அன்றே எல்லாச் சோதனைகளும் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தது, லீவு இருந்தது, கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கணவர் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் வேர் மாதிரி ஓடியது. ஓர் இடத்தில் இடுப்பு சிறுத்ததுபோல் இருந்தது.

"உங்க தங்கச்சிக்கும் ஏறக்குறைய இங்கேதான் இருந்திருக்கும்," என்றார். ஆறுதலாகவும், என்னை உஷாராக்கவும்தான் சொன்னார். அந்தச் சாம்பல் படத்தை நான் என் உடம்பின் படமாக ஒருநாளும் பார்க்கவில்லை. அவள் உடம்புக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் இன்றும் தோன்றுகிறது.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் இளைத்துப்போனேன். கன்னம் உள்ளே போனது, தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டதால் முன்பக்கம் வெளுத்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் மகள் என்னைப் பார்க்க வந்தாள். கொண்டுவந்த பழத்தை மேசையில் வைத்துவிட்டு, கட்டில் அருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, கண்ணாடியக் கொஞ்சம் கழட்டறீங்களா?"

கழற்றினேன். கண்ணாடியில்லாமல் எனக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரியும். அவள் அருகில் வந்தாள். என் பின்னலை அவிழ்த்துக் கொண்டையாகச் சுற்றிப் பின்னால் சொருகினாள். விலகி நின்று பார்த்தாள்.

"ஆங்," என்றாள் மெதுவாக. "இப்ப இருக்கு."

பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். அம்மாவை எடுத்த ஒரே வீடியோ அதுதான் என்றாள். தறிக்கூடத்தில் எடுத்தது. என் தங்கை இழையை முடிந்துவிட்டு நிமிர்கிறாள், மகளைப் பார்க்கிறாள், சிரித்துக்கொண்டே என்னவோ சொல்கிறாள். வாய் அசைகிறது. தறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மகள் திரும்பத் திரும்பப் போட்டாள். நான் உதடுகளைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"குரல் மறந்துக்கினே வருது பெரிம்மா. மொகம் போட்டோல இருக்கு. குரல் எங்கயும் இல்ல. ஒரு தடவ அம்மா மாதிரி என்னைக் கூப்புடுங்களேன்."

அவள் பெயரைச் சொன்னேன்.

"இப்டி இல்ல. தறி ஓடும்போது கூப்பிடுவாங்க இல்ல, அப்டி. கத்தி."

மறுபடி கூப்பிட்டேன். என் குரல் அலுவலகத்தில் பழகின குரல். பக்கத்து மேசைக்குக் கேட்டால் போதும். அதற்கு மேல் எழும்பவில்லை. மூச்சை இழுத்து, தொண்டையைத் திறந்து, வயிற்றிலிருந்து முயன்று பார்த்தேன். ஒரே தொண்டைதான், ஒரே நாக்குதான். எங்கோ உடைந்து கீச்சென்று வந்தது. மாடி வீட்டம்மாள் என்ன ஆச்சோ என்று இறங்கி வந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று அனுப்பினோம். பிள்ளை என் காலடியில் உட்கார்ந்து முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்ணாடி இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய்வர வசதி என்று எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். பாவா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் அவளிடம் பேசுவார், என்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வார். நானும் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் பாவா நின்றார். தோளில் அரிசி மூட்டை. என்னைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டார். மறுபடி கொண்டுவந்து நிறுத்தினார்.

"மூட்டைய எங்க வெக்கட்டும்?" என்றார்.

சமையலறை மூலையைக் காட்டினேன். இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன பண்ணுது பாவா?"

"ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டுலேந்து நடந்து வந்தேன். வெயில்."

"தலை சுத்துதா?"

"கொஞ்ச நாளா கீது. காலைல எழுந்தா பின்மண்டை வலிக்கும். போயிடும்."

மகளைக் கூப்பிட்டு அப்பா இன்று ஊருக்குப் போகவில்லை என்று சொன்னேன். தறி நிற்கும் என்றார். நிற்கட்டும் என்றேன். அப்படிப் பேசி எனக்கே பழக்கமில்லை. அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

மறுநாள் காலை மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். மகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். பாவா தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"கடைசி வருசம் அவ படுக்கவே மாட்டா. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவா. படுத்தா மூச்சு முட்டுதுன்னா ஒரு நாளு. தலகாணிய ஒசத்தி வெச்சுக்கோன்னேன். அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும். அவளே நல்லாக்கீறேன்னும்போது."

"எனக்கும் அப்படித்தான் சொன்னா."

"எல்லாருக்கும் அதத்தான சொல்லுவா. தறிக்குக் கூட சொல்லுவா. தறி நின்னா, நான் நல்லாத்தான் கீறேன், உனக்கு இன்னா கேடுன்னு கேப்பா." அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் முறை வந்தது. நானும் எழுந்தேன். "இரு, நான் போயிக்கிறேன்," என்றார். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்தேன். முதலில் அவர் குரல் தாழ்ந்து கேட்டது. பின்மண்டை வலி, வேர்வை, மூச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னது அவரைப் பற்றி அல்ல. அவள் தாடையைப் பிடித்துக்கொள்வாள் என்றார், ராத்திரி உட்கார்ந்தே இருப்பாள் என்றார், மலையில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள் என்றார். போய்ச் சேர்ந்து எத்தனையோ மாதம் ஆன ஒருத்தியின் நோயை அவர் அந்த டாக்டரிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் குறுக்கிடவில்லை. அடுத்த டோக்கன்காரர் எழுந்து திரைச்சீலையருகே போய் நின்றார். மகள் பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு பேசறது, அப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவருக்கு ரத்த அழுத்தம்தான் அதிகமாக இருந்தது. மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார்கள். மருந்துக்கடையில் எந்த மாத்திரை எப்போது என்பதை மகள் அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் தறி போட வேண்டும் என்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.